தண்ணி நிக்குமா, சார்?

மற்ற தொழில்களில் வருகிறவர்கள் பொருளைப் பார்ப்பார்கள். வீட்டுத் தரகில், புரட்டாசி பிறந்துவிட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். தாம்பரத்தைச் சுற்றி வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கும், என்னைப் போல வீடு காட்டி அலைகிறவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

போன மழைக்காலம் முழுக்க என் உயிரை வாங்கியது ஒரே வீடுதான். மேற்குத் தாம்பரத்தில் ஏரியை ஒட்டிய தெருவில், கிரேஸ் டீச்சரின் கீழ் வீடு. டீச்சர் மாடியில் தனியாக இருந்தார். தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. கீழ் வீட்டு வாடகையில்தான் அவர் வண்டி ஓட வேண்டும். ஆகவே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கிறிஸ்துமஸுக்குள்ள ஆள் கொண்டு வரலன்னா, வேற புரோக்கரைப் பார்த்துக்கறேன், தம்பி."

புரட்டாசி: உயரத்தில் ஒரு பிளக்

எங்கள் பக்கத்துப் புரட்டாசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பகலெல்லாம் கத்திரி வெயில் மாதிரி காயும். பொழுது சாய்ந்ததும் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். மறுநாள் பத்து மணிக்குள் தெரு காய்ந்து, ஒன்றும் நடக்காதது போலக் கிடக்கும். தரகனுக்கு அந்தப் பத்து மணிதான் நல்ல நேரம்.

அப்படி ஒரு காலையில் ஒரு கணவன் மனைவியை அழைத்துப் போனேன். ஐடி கம்பெனி, கோயம்புத்தூர்க்காரர்கள். ஹால் பிடித்தது, சமையலறை பிடித்தது. அந்தப் பெண் செல்போனுக்கு சார்ஜ் போடக் குனிந்து பிளக்கைத் தேடினாள். பிளக் அவள் தலைக்கு மேலே இருந்தது. எல்லா அறையிலும் அப்படித்தான். "குழந்தைங்க கை வைக்கக் கூடாதுன்னு டீச்சர் உயரத்துல வெச்சிருக்காங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல். கணவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்குக் குழந்தை இல்லைங்க. நீச்சலும் தெரியாதுங்க."

ஐப்பசி: ரெட் அலர்ட்டில் காய்ந்த துணி

அடுத்து வந்தவர் பேங்க் ஆபீசர், விவரமானவர். வெயிலில் வீடு பார்க்கவே மாட்டாராம். "மழை பெய்யும்போதுதான் சார் வீட்டோட யோக்கியதை தெரியும்" என்றார். நானும் வானிலைச் செய்தியை வரி விடாமல் கேட்டேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, அது மண்டலமாகி, புயலாகி, ரெட் அலர்ட் விட்டு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவும் விட்டார்கள்.

விடிந்தால் கண் கூசுகிற வெயில். ராத்திரியோடு புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. ரெயின்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக பேங்க் ஆபீசர் வந்து இறங்கினார். டீச்சரோ மொட்டை மாடியில் ஒரு வாரத்துத் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது, அவருக்கு முகம் தொங்கியது. ரெயின்கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வெயிலை நம்பி எப்படி சார் அட்வான்ஸ் கொடுக்கிறது?"

மீனுக்கு ஒரு சட்டம்

கடைசியில், தேடாமலே ஒரு ஆள் வந்தது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற செல்வி. டீச்சருக்கு வாரா வாரம் வஞ்சிரம் கொடுப்பவள். மகள் தாம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். மழையில் தினமும் இரண்டு பஸ் மாறி வருவதில் அந்தப் பெண்ணுக்குப் பாதி வகுப்பு போய்விடுகிறது. "படிப்பு முடியிற வரிக்கும் நானும் அவளும் இங்கியே இருந்துக்கறோம்ணா. தண்ணி நின்னா நிக்கட்டும்" என்றாள். என் தொழிலில் இப்படி ஒரு பார்ட்டியை நான் கண்டதில்லை.

துள்ளிக் குதித்து மாடி ஏறினேன். டீச்சர் மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பைக் குறைத்து, கதவைச் சாத்தி, குரலையும் தாழ்த்தினார்: "மீன் வாங்கறது வேற, குடி வைக்கறது வேற, தம்பி."

கார்த்திகை: வாசலில் படகு

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. விடாத மழை, ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். மத்தியானம் டீச்சரிடமிருந்து போன். கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மாடிப்படியிலும் ஏறிக்கொண்டிருக்கிறது, கரண்ட் இல்லை. எப்போதும் அதட்டுகிற குரல் அன்றைக்கு நடுங்கியது. தீயணைப்பு, மாநகராட்சி என்று வரிசையாக நம்பர்களை அழுத்தினேன். அழைத்த இடத்திலெல்லாம் 'வருகிறோம்' என்றார்களே தவிர யாரும் வரவில்லை. கடைசியில் செல்விக்குப் போன் போட்டேன். வீடு இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியதே நான்தான், வெட்கமாகத்தான் இருந்தது.

இருட்டுவதற்குள், அவள் புருஷனும் மச்சினனும் மினி லாரியில் ஃபைபர் படகை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். செல்வியும் கூட வந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். நான் பத்துப் பேருக்குக் காட்டிய கீழ் வீட்டு ஜன்னலை ஒட்டிப் படகு நின்றது. பிளக்குகள் மட்டும் நனையாமல் இருந்தன. டீச்சர் ஹேண்ட்பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உனக்கு வீடு இல்லன்னு சொன்னது தப்பும்மா. தண்ணி வடியட்டும், கீழ் வீடு உனக்குத்தான்" என்றார், கண் கலங்கி.

செல்வி அவர் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். "வாணாம் டீச்சர், மவள ஹாஸ்டல்ல சேத்துட்டேன். எங்க குப்பம் மணலு, எம்மாம் மழ பேஞ்சாலும் குடிச்சிகினு பூடும். நீங்க வந்து எங்க வூட்ல இருங்க, மீன் நாத்தம் மட்டும் கொஞ்சம் இருக்கும்."

கீழ் வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது; அந்த மழைக்காலத்தில் என் கண்ணெதிரே குடிபோன ஒரே ஆள் டீச்சர்தான், அதற்கும் எனக்குத் தரகு கிடைக்கவில்லை.