சுவரில் எழுதிய ஐந்தரை

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மனிதர் எழுதியதல்ல, ஒரு இணையதளம் தானாக அனுப்பியது. 'உங்கள் குழுவில் நெடுநாளாக எந்தச் சந்திப்பும் நடக்கவில்லை. புதிய அமைப்பாளர் யாரும் பொறுப்பேற்காவிட்டால் குழுவின் பக்கம் நீக்கப்படும்' என்று இருந்தது. கீழே பழைய படம் ஒன்று. பதுளையில் ஒரு தேவாலய மண்டபத்துப் படிகளில் இருபது பேருக்கு மேல் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில் நான், தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்தபடி. அந்தக் காலத்திலேயே அதற்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இரண்டாவது படியில் நின்ற யோகாவைப் பார்த்துவிட்டேன். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அது கணினி நிரல் எழுதுகிறவர்கள் கூடும் குழு. கொழும்பில் இப்படிப் பல குழுக்கள் உண்டு. அங்கே பெரிய கம்பனிகள் குளிரூட்டிய மண்டபம் கொடுக்கும், பீட்சா வாங்கிக் கொடுக்கும். எங்களுக்குத் தேவாலய மண்டபமும் ரொட்டியும். யாருக்கும் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. நான் அமைப்பாளர் ஆனதுகூட என் திறமையால் அல்ல. முதல் நாள் மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை நான் போகாமல் யாரும் உள்ளே போகமுடியாது. அப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது.

அந்த மண்டபத்துக்கென்று ஒரு வாசம் உண்டு. மெழுகுவர்த்தி, ஈரக்குடை, சூடேறிய புரொஜெக்டரின் தூசி மூன்றும் கலந்த வாசம். இப்போதும் எங்காவது புரொஜெக்டரைப் போட்டால் எனக்குப் பசிக்கிறது. ரொட்டியும், தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பலும் பிரான்சிஸின் அம்மா கொடுத்தனுப்புவார். பிரான்சிஸ் அந்தத் தேவாலயத்து ஆள், வேலை ஒரு வங்கியில். மண்டபம் கிடைத்தது அவனால்தான். சமிந்த என்று ஒரு சிங்களப் பையன் பண்டாரவளையிலிருந்து வருவான். தமிழை அரைகுறையாகத்தான் பேசுவான், ஆனால் எங்கள் நிரலில் உள்ள பிழைகளை எங்களுக்கு முன்னால் பார்த்துவிடுவான். மற்றவர்கள் லுணுகலை, பசறை, பூனாகலைப் பக்கத்துப் பிள்ளைகள். பலர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவர்கள். மடுல்சீமையிலிருந்து வந்தது யோகா ஒருத்திதான்.

தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. விளங்காவிட்டாலும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பயம். அதற்காக நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரே கேள்வி இரண்டு தரம் வந்தால் பதிலைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது. மூன்றாவதாக வருகிறவர் வாயைத் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் ஒரு பக்கச் சுவர் நிறைந்துவிட்டது. பாதிரியார் வந்து பார்த்து, "பத்துக் கட்டளையே இம்புட்டு இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது கேலிதான். நாங்கள் அதை மெச்சுதலாக எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'லண்டன் நேரமா? ஐந்தரை மணி கூட்டுக.' வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற ஆசை எல்லோருக்கும் வந்திருந்த காலம் அது. அவர்கள் நேரம் சொன்னால் நம் நேரம் என்ன என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் கேட்பார். அதனால் எழுதி ஒட்டினேன். ஒட்டியது ஒரு மார்கழி மாதம். அந்த வரி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, கீழே சிவப்பில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

யோகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முழுப்பெயர் யோகேஸ்வரி. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கம்பஸில் இடம் கிடைக்காமல், பதுளையில் ஒரு கணினி வகுப்பில் ஆறு மாதம் படித்திருந்தாள். மிச்சத்தை எல்லாம் எங்கள் மண்டபத்தில்தான் கற்றாள். அவளுடைய லயத்தில் சிக்னல் கிடையாது. வேண்டியதை எல்லாம் சனிக்கிழமை பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போவாள். இரண்டு வாரம் கழித்து முடித்துக்கொண்டு வருவாள். நான் மூன்று நாள் மல்லாடிய ஒரு சிக்கலை ஒருநாள் ரொட்டியை மென்றுகொண்டே அவிழ்த்தாள். "இதுலண்ணே, இந்த எடத்துல ரெண்டுவாட்டி எண்ணுது" என்றாள். நான் அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான்.

அந்த வருடந்தான் நாட்டில் எல்லாம் சரியத் தொடங்கியது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மா கிடையாது, நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் கிடையாது. மலைநாட்டில் பஸ் ஓடினால் செய்தி. யோகாவின் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "சித்திர வருசம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒண்ணும் கெடைக்கலன்னா ஜோர்தான் கார்மென்ட்ஸுக்குத் தைக்கப் போயிரு." ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டைக்கூட வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

பங்குனியில் லண்டனில் உள்ள ஒரு சின்னக் கம்பனி அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. அவள் எழுதிய நிரலைப் பார்த்து அவர்களாகவே அழைத்தது. மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான்: திங்கட்கிழமை, எங்கள் நேரம் காலை பத்து மணி. குழுவில் அன்று திருவிழா. சமிந்த துள்ளிக் குதித்தான். யோகா மட்டும் மெதுவாக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நேரத்த ஒருதடவ நெட்ல பாத்துக்குவமா?"

நான் சுவரைக் காட்டினேன். "அதான் எழுதியிருக்குல்ல. மூணரை."

என்ன தோரணையாகச் சொன்னேன் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்று பதுளையில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். தேவாலய அலுவலகத்தின் கம்பி இணைப்பு மட்டும் இருக்கும், அதற்கு ரவுட்டர் உயிரோடிருக்க வேண்டும். சமிந்த எங்கோ அலைந்து ஒரு ஆட்டோ பேட்டரியைக் கொண்டுவந்தான். பிரான்சிஸ் வங்கிக்கு லீவு போட்டான். யோகா விடியற்காலையிலேயே புறப்பட்டு, கொழுந்து லொறியில் பசறைக்கு வந்து, அங்கிருந்து ஒரு மரக்கறி வேனில் ஏறி, பன்னிரண்டரைக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய நீலச் சட்டையைப் பையில் மடித்துக் கொண்டுவந்து, இங்கே மாற்றிக்கொண்டாள்.

நாங்கள் நான்கு பேரும் ஒரு மணியிலிருந்து மண்டபத்தில்தான் இருந்தோம். பேட்டரி பழையது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. ஆகவே மூன்றே காலுக்குத்தான் ரவுட்டரைப் போடுவது என்று நான் உத்தரவிட்டேன். அதுவரை பிரான்சிஸ் வெள்ளைக்காரனாக நடித்துக் கேள்வி கேட்டான், யோகா பதில் சொன்னாள். இரண்டரை மணிக்கு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தோம். யோகா சாப்பிடவில்லை, சட்டையில் சம்பல் பட்டுவிடும் என்றாள். நான் இரண்டு ரொட்டி தின்றேன். ருசியாக இருந்தது.

மூன்றே காலுக்கு ரவுட்டரைப் போட்டு லெப்டொப்பைத் திறந்தாள். இரண்டு அஞ்சல்கள் வந்து விழுந்தன. முதலாவது இரண்டரைக்கு வந்தது: நாங்கள் காத்திருக்கிறோம். மற்றது இரண்டு ஐம்பதுக்கு: நீங்கள் வரமுடியாமல் போனதற்கு வருந்துகிறோம்.

"அவனுங்களுக்கு நேரம் தெரியல" என்றேன். முதலில் அப்படித்தான் சொன்னேன், இதையும் மறைக்கக் கூடாது.

பிரான்சிஸ்தான் கைபேசியில் திகதியைப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நேத்து மார்ச் மாசக் கடைசி ஞாயிறு. அங்க மணிக்கூட்டத் தள்ளி வச்சிருப்பாங்க."

கோடை வரும்போது இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து ஐப்பசி வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணிதான் வித்தியாசம். இது எனக்குத் தெரியாததல்ல. மாரியும் வெயிலும் மாறினாலும் நம் மலையில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. சுவரில் எழுதியதை நம்பிப் பழகிவிட்டோம், எழுதியவனே நம்பிவிட்டேன். அதுவும் நேற்றுத்தான் மாறியது. சனிக்கிழமை என்றால் மூன்றரை சரியாக இருந்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பிழை முழுவதும் என்னுடையது, அந்தப் பெண் ஒரு மணியிலிருந்தே தயாராக இருந்தாள் என்று எழுதினேன். அனுப்பி ஐந்து நிமிடத்தில் பேட்டரி செத்தது. எனக்கு அழுகை வந்தது, வெளியே மழையைப் பார்க்கிறவன்போல ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் யோகா எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்கண்ணே, வேற வராமலா போயிரும்" என்றாள். லொறி போய்விடும் என்று, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் புறப்பட்டுவிட்டாள்.

மூன்று நாள் கழித்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, எதிர்காலத்தில் விண்ணப்பிக்கவும். மேலும் நான்கு தரம் எழுதினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. தெரிந்த இடங்களுக்கெல்லாம் அவளுக்காக எழுதினேன். சித்திரை பிறந்தது. வைகாசியில் அவள் ஜோர்தானுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு குழு கரைந்த வேகத்தை என்னால் நம்பமுடியவில்லை. வந்தவர்கள் எல்லாம் என்னிடம் கேட்டது பரிந்துரைக் கடிதம். எழுதினேன். நல்ல கடிதம் எழுதுவேன், அதில் குறை சொல்லமுடியாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நாற்காலி காலியாயிற்று. பிரான்சிஸ் மெல்பனுக்குப் போனான். சமிந்த ஜப்பானுக்குப் போனான். கடைசிச் சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போய் மண்டபத்தைத் திறந்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நான்கு மணிவரை இருந்துவிட்டு, மறுபடி அடுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நினைத்தால் மறுக்கமாட்டேன். சுவரிலிருந்த தாள்களை நானே கிழித்து எடுத்தேன்.

இந்தத் தை மாதம் மடுல்சீமைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி திருத்தப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கால் தானாக அந்த லயத்துக்குப் போயிற்று. யோகாவின் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தார். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி போட்டார்.

"நீங்க எம்புட்டுப் பாடுபட்டு சொல்லிக் குடுத்தீங்க தம்பி. அவ மண்டையில ஏறல. என்ன செய்ய."

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு அந்த வெள்ளக்காரங்க கேட்டதுக்கு பதிலே சொல்லத் தெரியாம முழிச்சாளாமே. வந்து அவளேதான் சொன்னா. நான் தோத்துட்டேன்மா, எனக்கு அந்தப் படிப்பு வராதுன்னு. ரெண்டு நாளு அழுதா."

என் பெயர் யோகாவின் வாயிலிருந்து வரவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சின்ன மகள் எங்கே என்று கேட்டேன், அக்காவைப்போல அவளுக்கும் கணக்கு நன்றாக வரும் என்று யோகா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"அவளும் கம்ப்யூட்டர் பாடந்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. மூத்தவளுக்கே வரலியே, ஒனக்கு எங்க வரப்போகுதுன்னு நாந்தான் நிப்பாட்டிட்டேன். இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்கிறா."

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யோகாவிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நேரத்தைப் பிழையாகச் சொன்னது நான், அவள் தோற்கவே இல்லை, என்னைவிடக் கெட்டிக்காரி என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"நல்ல மனசு தம்பி ஒங்களுக்கு. பெத்தவ மனசு நோகக் கூடாதுன்னு பழிய நீங்க எடுத்துக்கிறீங்க. நீங்க படிச்சவங்க, நேரங்கூடவா பாக்கத் தெரியாது?"

இல்லையம்மா, உண்மைதான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றேன். யாரைக் கேட்பது என்று சொல்ல வாயெடுத்தேன். யோகாவைக் கேட்டால் அதையேதான் திரும்பச் சொல்வாள். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.