எத்தனை ராத்திரி தங்கினால் புருஷன்?

எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது பையின் வார் அறுந்தது. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்ததால் நடக்கிறவன்தான் வேகமாகப் போக முடிந்தது. கூட வாழ்ந்தவளின் வீட்டை விட்டு நான் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கிளம்புவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன். ஆனால் இப்படி ஒரு சந்தேகத்தைச் சுமந்துகொண்டு எங்கிருந்தும் கிளம்பியதில்லை.

அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இறந்துபோனார். அவளுக்கு விதவை உதவித்தொகை வருகிறது. அரசு கொடுத்த மூன்றாம் மாடி வீடு இருக்கிறது. நான் போன மழைக்கு வந்து சேர்ந்தவன். எங்களுக்குள் வாயால் பேசிய ஒப்பந்தம் ஒன்று உண்டு. தண்ணீர் லாரி வந்தால் பிடித்து மாடிக்கு ஏற்றுவது நான், சமையல் அவள், கிளம்ப நினைப்பவரை மற்றவர் தடுக்கக் கூடாது.

அன்று மதியம் உதவித்தொகையைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். கொடியில் என் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"இவர் யாரும்மா?"

"வாடகைக்குக் கீறாரு சார்."

"இந்த வீட்ட வாடகைக்கு விடக் கூடாதும்மா. வீடு போயிடும். உங்க வீட்டுக்காரர்னு சொன்னா உதவிப் பணம் போயிடும்." அவரே கொஞ்சம் யோசித்தார். "அண்ணன்னு போட்டுக்கட்டுமா?"

"அய்யே! அண்ணனா? வாய் கூசுது சார்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கேட்டேன்: "எத்தினி ராத்திரி தங்குனா சார் புருஷன் கணக்குல வரும்?"

"அப்படி ரூல் எதுவும் இல்லப்பா. பாத்தா தெரியும்." அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அடுத்த வாரம் வரேம்மா. அப்ப நீங்க மட்டும் இருந்தா எனக்கு எழுத ஒண்ணும் இல்ல."

இதைவிட மரியாதையாக யாரும் என்னை வெளியே போகச் சொன்னதில்லை.

அவர் இறங்கியதும் பையை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. "யோவ், தூரமா பூடாத," என்றாள். "நான் வந்து போற மாதிரி எங்கனா பாரு. நான் எங்க போறேன்னு எவன் கேப்பான்?"

பாலம் இறங்கும்வரை அந்தச் சந்தேகம் விடவில்லை. ஒரே அடுப்பா, ஒரே பாயா, தினம் போடும் சண்டையா, எதைப் பார்த்தால் தெரியும்? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் நான். உறவு கேட்டார்கள். "தெரிஞ்சவரு" என்றாள். அங்கே அது போதுமாக இருந்தது.

வடக்கே போகும் ரயிலில் ஏறியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் செய்வேன். திருவொற்றியூர் ஸ்டேஷனில் படுத்திருந்தேனே தவிர, ஏறவில்லை.

மறுநாள் காலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், தூத்துக்குடிக்காரர் ஒருவரின் யார்டில் வாட்ச்மேன் வேலை கேட்டேன். கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் தங்குவதற்குத் தகரக் கூரை போட்ட அறை இருந்தது.

"என்னிய பாக்க ஒரு பொம்பள வந்து போவும் மொதலாளி," என்று முதலிலேயே சொன்னேன்.

"யாரு வாரா, யாரு போறான்னு பாக்க எனக்கு நேரமில்ல பாத்துக்கிடும். இரும்பு வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

சம்பளம் குறைவு. சரி என்று அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன்.