அண்ணி கலக்கிய கசப்பு

என் அண்ணி ஒரு ஹோட்டல் பாரில் காக்டெய்ல் கலக்குகிறார். கோப்பை கழுவுவதற்காகச் சேர்ந்தவர். ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பழகி, மெல்ல மெல்ல கவுண்ட்டருக்குப் பின்னால் வந்து நின்றவர். வேரும் பட்டையும் பூவும் ஊறிய கசப்பு மதுவகைகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'கசப்பக்கா'.

இனிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், கசப்பிடம் நாம்தான் போய்ப் பழக வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். "இதுக்கா தம்பி இத்தனை புஸ்தகம் படிச்சீங்க?" என்றார்.

அந்த பாரின் மெனு கார்டில் இருந்ததெல்லாம் தலைமை அலுவலகம் அனுப்பிய பானங்கள். புதிய கார்டில் ஓர் இடம் மட்டும் காலி. அதற்காக அண்ணி, விஸ்கியோடு இரண்டு கசப்பு மதுக்களைச் சேர்த்துச் சொந்தமாக ஒன்று செய்தார். மேனேஜர் ஒரு வாய் குடித்தார். விளக்கெண்ணெய் குடித்த முகமாகிவிட்டது.

"ஏம்மா, இது மதுவா, கஷாயமா?"

"பழகிட்டா பிடிக்கும் சார்."

"பழகுறதுக்கா இங்க வராங்க? கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊத்து."

"ஊத்தினா கசப்பு போகாது சார், பதுங்கிக்கும்."

"நாளைக்குக் காலையில கார்டு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா தலைமை ஆபீஸ் அனுப்பினதுதான்."

வீட்டில் அண்ணன் கேட்டார்: "என்ன, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை?"

"அந்தாளுக்கு நாக்கே இல்லைங்க" என்று மேனேஜர் சொன்னதையெல்லாம் சொன்னார்.

"நீ எப்ப ருசி பாத்த?"

"வேலை முடிஞ்சு கிளம்பும்போது. வேற எப்ப நேரம்?"

அண்ணன் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். "நாள் பூரா அடிச்சா எனக்கு வாடையே தெரியாது. வீட்டுக்குள்ள வந்ததும் நீதானே மூக்கைப் பொத்துற?" என்றார்.

மறுநாள் காலை பேஸ்ட்டும் இல்லை, காபியும் இல்லை. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, பார் திறப்பதற்கு முன்பே போனார். நேற்றைய அளவில் கலந்து ஒரு வாய் வைத்தவர், தொட்டியில் துப்பினார். வேலை முடியும் வரைக்கும் எதையெதையோ ருசித்து மரத்துப்போன நாக்கு, தினமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டிருக்கிறது. இவரும் ஊற்றியிருக்கிறார்.

தவறை ஒப்புக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதே கையோடு மற்றதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அண்ணி தவறை மட்டும்தான் விட்டார். இரண்டு கசப்பு மதுக்களில் கருப்பாக இருந்ததைப் பாதிக்கும் கீழே குறைத்தார். மற்றதைத் தொடவில்லை. ஐஸ் போட்டு, நுரை எழாமல் நிதானமாகக் கிண்டினார். ஆரஞ்சுத் தோலை மேலே ஒரு முறுக்கு முறுக்கினார்.

மேனேஜர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்பவும் கசக்குது."

"கசக்கணும் சார்."

"ஆனா கோப்பையைக் கீழ வைக்க மனசு வரலையே. பாகு எவ்வளவு ஊத்தின?"

"அந்த பாட்டிலைத் திறக்கவே இல்ல."

மேனேஜர் கோப்பையைக் காலி செய்தார். "தலைமை ஆபீஸ்ல, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"நான் செஞ்சதுன்னு சொல்லுங்க."

அவர் அண்ணியை ஒரு கணம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"முழுப் பேரையும் சொல்லும்மா. கசப்பக்கான்னா அச்சடிக்க முடியும்?"