ஒன்பதாவது மூவுக்குப் பக்கத்தில் வைத்த படம்

புதுச் சட்டை டப்பாவைத் திறந்தால் ஒரு கஞ்சி வாசனை வருமே... செந்தில்வேல் எழுதிக் கொண்டுவரும் செஸ் அனாலிசிஸ் எல்லாம் அந்த வாசனையோடுதான் வரும்.

சட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையின் பின்பக்கத்தில்தான் அவன் எழுதுவான். தி.நகரில் அவர்களுக்கு ஜவுளிக்கடை, அட்டைக்குப் பஞ்சமே இல்லை. காலேஜில் என் கிளாஸ்மேட். படிப்பு முடிந்ததும் நான் தேனாம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வெப் டிசைனர் ஆனேன். அவன் டோர்னமென்ட் டோர்னமென்டாக ஆடிக்கொண்டிருந்தான்.

இருபது வருஷம் இருக்கும். செஸ் ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் ஆரம்ப மூவ்களை, தமிழில் விளக்கி ஒரு வெப்சைட் போடலாம் என்று ரெண்டு பேரும் ஆரம்பித்தோம். அவன் எழுதுவான், நான் பக்கம் கட்டுவேன்.

அவன் எழுத்து இருக்கிறதே... பிராக்கெட்டுக்குள் பிராக்கெட், அதற்குள் இன்னொன்று. வெள்ளை இப்படி ஆடினால், கறுப்பு அப்படி ஆடினால், அப்போது வெள்ளை வேறு மாதிரி ஆடினால்... உள்ளே போனவன் திரும்பி வர வழி தெரியாமல் முழிப்பான்.

"மெயின் லைன் எது, கிளை எதுன்னு படிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?" என்பேன்.

"ஆடறவனுக்குத் தெரியும்" என்பான். திமிர்.

மெயின் லைனைத் தடித்த எழுத்தில் போட்டேன். கிளைகளைச் சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். முக்கியமான இடங்களில் போர்டின் படம். அந்தப் படத்துக்குப் பட்ட பாடு! கம்ப்யூட்டரில் பெயின்ட் புரோகிராமில் ஒவ்வொரு காயாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு போர்டுக்கு முக்கால் மணி நேரம். எனக்குக் காய் நகர்த்தத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா மாலா, கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்து ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸ் பக்கம், கறுப்புக்காரன் ஆடும் ஓப்பனிங். மெயின் லைனின் ஒன்பதாவது மூவ் வரும் பத்திக்குப் பக்கத்தில் இடம் வெறிச்சென்று இருந்தது. கீழே ஒரு கிளைக்கு உரிய படம் இருந்தது. அதைத் தூக்கி மேலே அந்தக் காலி இடத்தில் வைத்தேன். பக்கம் அம்சமாக ஆகிவிட்டது. இதையெல்லாம் போய் அவனிடம் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில் அவன் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். சொன்னால் சொன்னதுதான்.

"இந்த ஆட்டத்துல ரேட்டிங் வந்துச்சுன்னா இன்னும் ஒரு வருசம் ஆடிக்கோ. வரலையா, கடைக்கு வந்துரணும், பாத்துக்க."

சாந்தோமில் ஒரு ஸ்கூல் ஹாலில் டோர்னமென்ட். ஞாயிற்றுக்கிழமை கடைசி ரவுண்டில் ஒரு டிரா போதும், உலகச் செஸ் சங்கம் கொடுக்கும் தரப்புள்ளியான ரேட்டிங் முதல் தடவையாக வந்துவிடும். ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸ் ஆடுவதென்று முடிவு செய்துவிட்டான். ஆனால் அவன் எழுதிய அட்டை என்னிடம் இருந்தது, நகல் கிடையாது. காலையில் பிரவுசிங் சென்டரில் பத்து நிமிஷம் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான்.

நான் மேலே தூக்கி வைத்த படத்தில் கறுப்பின் ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் வந்திருந்தது. அப்படி இருந்தால் ஒன்பதாவது மூவில் தைரியமாக ராஜாவை ஓரமாக ஒதுக்கிக் கேஸ்லிங் பண்ணலாம். மெயின் லைனிலோ அந்தச் சிப்பாய் இன்னும் நகர்ந்திருக்காது. அங்கே கேஸ்லிங் பண்ணினால் ராஜாவுக்கு ஆபத்து. இவன் படத்தை நம்பி, பழகிய லைன்தானே என்று, போர்டைச் சரியாகப் பார்க்காமல் சட்டென்று கேஸ்லிங் பண்ணியிருக்கிறான். எதிராளி பிஷப்பை வைத்து அந்தச் சிப்பாயையே அடித்தான். அதற்கப்புறம் இவனால் எழுந்திருக்கவே முடியவில்லை.

போனில் சொன்னான். "ஓப்பனிங்லயே சொதப்பிட்டேன் மாலா."

"எந்த மூவ்?"

"ஒம்பது."

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குச் சீக்கிரமே போய் படத்தைக் கீழே, அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவனிடம் வாயே திறக்கவில்லை. பயம். அவன் கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

அப்புறமும் ரெண்டு வருஷம் சைட் ஓடியது. கடையில் இருந்தே எழுதி அனுப்புவான். நான் எந்தப் படத்தையும் பக்கவாட்டில் வைக்கவில்லை. அந்தந்த மூவுக்கு நேர் கீழே வைத்து, எத்தனையாவது மூவ், யார் ஆட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுவேன். தெளிவாக இருக்கிறது என்று நிறைய பேர் மெயில் போட்டார்கள். ஒவ்வொரு மெயிலும் எனக்குக் குத்தியது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவன் கடைக்குப் போனேன். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. காபி வந்தது. என்ன தோன்றியதோ, அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

புடவையை மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"எப்படி?"

"அன்னிக்கு சாயங்காலமே மறுபடி பாத்தேன், படம் மேல இருந்துச்சு. திங்கக்கெழம பாத்தா கீழ இருக்கு. உன்னைத் தவிர யாரு மாத்துவா?"

"ஏன்டா கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? நான் எழுதின லைன நானே படம் பாத்துதான் ஆடினேன்னு ஆயிடும்ல... வெக்கமா இருந்துச்சு."

ரெண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஜெயிச்சிருந்தா மட்டும் என்ன?" என்றான். "இன்னும் ஒரு வருஷம் ஆடியிருப்பேன், அவ்ளோதான்."

இப்போதெல்லாம் போனில், செஸ் ஆப்பில் எந்த மூவைத் தொட்டாலும் போர்டு தானாக அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. எந்தக் கிளைக்குள் போனாலும் ஒரே தட்டலில் மெயின் லைனுக்குத் திரும்பலாம். நான் செய்த தப்பை இன்றைக்கு யாரும் செய்ய முடியாது. அன்றைக்கே இது இருந்திருந்தால் செந்திலுக்கு அந்த ஒரு வருஷம் கிடைத்திருக்கும். ஆனால் பக்கம் கட்டித் தரச் சொல்லி அட்டையோடு என்னைத் தேடி அவன் வந்திருக்கவும் மாட்டான்.