கம்பி தெரிந்தவரும் காகிதம் படித்தவளும்

மலைமேல் இருக்கும் பைல் நாட்டு ஊர்களில் எந்த வீட்டில் விளக்கு எரியாமல் போனாலும் ராஜதுரையைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார், ஒயரிங் செய்வார். இருபத்திரண்டு வருடத் தொழில். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை. கரண்டு பில் கூடி வந்தாலும் மீட்டர் கணக்கு எழுதின அட்டையை அவரிடமே நீட்டுவார்கள். ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பார். எல்லோருக்கும் அதே பதில்தான். யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

கீழே சேந்தமங்கலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பரிமளா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தையல் கடை போட்ட பிறகுதான் வினை வந்தது. கடைக்கு வந்த முதல் பில் அவளுக்குப் புரியவில்லை. மலையிறங்கிப் போய் கரண்டு ஆபீசில் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு வேறு விலை, சிறு மில்லுக்கு இன்னொன்று என்று எல்லாவற்றையும் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்.

கண்ணாயியின் வீட்டுப் பில் திடீரென்று எகிறியபோது ராஜதுரை வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார். ரவிக்கை தைக்கப் போன இடத்தில் கண்ணாயி புலம்ப, பரிமளா அட்டையை வாங்கிப் பார்த்தாள். வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் தாண்டினதற்கு மட்டுமல்ல, கீழே ஓடின யூனிட்டுக்கும் விலை கூடிப்போகும் என்று விளக்கினாள். கண்ணாயி தாண்டியிருந்தது பதினோரு யூனிட்தான். பழைய ஹீட்டரைக் கழற்றி வைத்ததும் அடுத்த பில் பாதியளவுக்கு இறங்கியது. கண்ணாயி அதைச் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதிலிருந்து அட்டைகள் தையல் கடைக்குப் போக ஆரம்பித்தன. ராஜதுரை தன் கடையில் உட்கார்ந்து யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை ஒன்றும் குறையவில்லை. ஆனால் நேற்று வந்த ஒருத்தி, ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாதவள், கரண்டைப் பற்றிப் பேசுகிறாள், ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது. சர்க்கார் காரியத்தில் தலையிட்டால் ஒருநாள் மாட்டிக்கொள்வாள் என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். அவள் கடையில் கரண்டு போனபோது, அவள் புருஷன் வேல்முருகன் மூன்றுமுறை வந்து கூப்பிட்டும் இரண்டு நாள் போகவில்லை. அவள் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருப்பதை ரோட்டிலிருந்து பார்த்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டது வெட்கமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சரிசெய்து கொடுத்தார். கூலியைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

ஆடியில் மழை பிடித்து ராஜதுரை இருபது நாள் தன் கடையைத் திறக்கவில்லை. அந்த முறையும் கடைப் பில் பெரிதாகவே வந்தது. யூனிட் நன்றாகக் குறைந்திருந்தது, ரூபாய் மட்டும் குறையவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி இருசாயி அதைக் கவனித்தாள். மறுநாள் காலையில் அட்டையைக் காணோம். எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை.

மத்தியானம் இருசாயி ஒரு மனுவோடு வந்தாள்.

"கடைக்கு ஆறு கிலோவாட்டு லோடுன்னு பதிஞ்சிருக்குதாமா. ஓடுனாலும் ஓடாட்டியும் கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் போடுவாங்களாமா. வெல்டிங் மிசினு இன்னும் இருக்குதாக்கான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. லோடைக் கொறைக்கச் சொல்லி அதுவே எழுதிக் குடுத்துச்சு."

வெல்டிங் மிஷினை விற்று நான்கு வருடமாகிறது.

"நம்ம அட்டைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"பேரு போட்டிருக்குதுல்லங்க. தெரியாம இருக்குமா."

அவள் வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். எதுவும் சொல்லவில்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்தாள் என்றாள் இருசாயி. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனுவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெளிவா எழுதியிருக்கீங்களே. யார் எழுதினது?"

"நாந்தானுங்க."

சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியவில்லை. மலையில் மற்றவர்களுக்கும் இப்படி எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு கிலோவாட்டுக்குக் குறைத்துப் போட்டார்கள்.

சில நாள் கழித்து, சாமை மில் வைத்திருக்கும் சாமியப்பன் அட்டையோடு ராஜதுரையின் கடைக்கு வந்தார். நீங்கள் நன்றாக மனு எழுதுகிறீர்கள் என்று ஆபீசில் சொன்னார்கள் என்றார். ராஜதுரை அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எதிரே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம். சாமியப்பன் நம்பிவிடுவார்.

"அத எழுதுனது நானில்லீங்க. வேல்முருகன் ஊட்டுக்காரிகிட்ட போங்க. பரிமளான்னு பேரு."

சாமியப்பன் ரோட்டைக் கடந்து போனார். அவள் எழுந்து நாற்காலி எடுத்துப்போடுவதை ராஜதுரை பார்த்தார். வயிறு அப்போதும் எரியத்தான் செய்தது. பாதியில் விட்டிருந்த காயிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார்.