எட்டாவது வாத்து

படம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது பெரியக்கா துடைப்பமும் குப்பைப் பையுமாக வந்து சின்ன அரங்கின் கதவோரம் நிற்க வேண்டும். அது மேலாளர் போட்ட சட்டம். கடைசிப் பாட்டு தொடங்கியதும் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து, விளக்கு எரிந்த மறுநொடி முதல் வரிசையில் இறங்கிவிட வேண்டும். அடுத்த காட்சிக்கு நடுவில் இருப்பது பதினைந்தே நிமிடம். அதற்குள் நூற்றிருபது நாற்காலிக்கு அடியிலும் குனிந்து நிமிர வேண்டும். ஐம்பத்து மூன்று வயது முழங்கால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை முனகும்.

பள்ளி விடுமுறை என்பதால் சின்ன அரங்கில் ஒரு குழந்தைகள் படம் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மைப்படம், பாட்டும் கூத்துமாக ஒன்றரை மணிநேரம், தினம் நாலு காட்சி. பெரியவர்கள் பார்க்கும் படமென்றால் பாப்கார்ன் தரையோடு கிடக்கும், கூட்டி அள்ளிவிடலாம். குழந்தைகள் படத்தில் அது நாற்காலி மடிப்புக்குள், கைப்பிடி இடுக்கில், சிலசமயம் சுவரில்கூட இருக்கும். குளிர்பானம் கொட்டிய இடத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஒருநாள் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிய பால்பல் ஒன்று கிடைத்தது. டிக்கெட் கவுன்டரில் கொடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவளை எல்லாரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகும் டார்ச்சண்ணன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். தாமதமாக வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவர் வேலை. படம் தொடங்கி முதல் கால்மணி நேரம் சின்ன அரங்கில் நிற்பார். பிறகு பெரிய அரங்கின் வாசலுக்குப் போய்விடுவார். ஆக, படத்தின் தலை அவருக்குத் தெரியும், வால் பெரியக்காவுக்குத் தெரியும். நடுவில் என்ன நடக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மாடிப்படிக்குக் கீழே காகிதக் கோப்பைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை இருந்தது. மத்தியானக் காட்சி ஓடும்போது இருவருக்கும் அரைமணி நேரம் அங்கே ஓய்வு. விடுமுறையின் இரண்டாவது வாரத்தில் ஒருநாள், ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே பெரியக்கா கேட்டாள்.

"ஏண்ணே, அந்தப் படத்துல வர்ற வாத்துங்க எல்லாம் ஏன் பக்கவாட்டுல நடக்குது? கால்ல எதுவும் கோளாறா?"

"பக்கவாட்டுலயா? நேராவுல்ல நடக்கும். அதானே கதையே!"

அப்படித்தான் கதை அவிழ்ந்தது. டார்ச்சண்ணன் எழுந்து நின்று நடித்தே காட்டினார். வாத்துகள் வரிசையாக, ராணுவம் மாதிரி நேராக நடக்கும். தொப்பி போட்ட தடி வாத்து ஒன்று அதிகாரம் பண்ணும். அங்கே ஒரு நண்டு வந்து, "நானும் உங்களோட வரட்டுமா?" என்று கேட்கும். அதற்குக் குறுக்கே நடக்கத்தான் தெரியும். வரிசை கலைந்துவிடும். தடி வாத்து அதைத் துரத்திவிடும். நண்டாக மாறிய டார்ச்சண்ணன் பெட்டிகளுக்கு நடுவே குறுக்கே நடந்ததில் ஆயிரம் கோப்பை கொண்ட அட்டைப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. பெரியக்கா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"முடிவுல அந்த நண்டு தடி வாத்து தலைமேல உக்காந்திருக்குண்ணே. எல்லா வாத்தும் குறுக்கே நடந்துக்கிட்டே பாடுது. 'குறுக்கே நடந்தாலும் கூடவே நட'ன்னு. ஏழு வாத்தும் ஒரே குரல்ல."

"எட்டு."

"ஏழுண்ணே. தினம் நாலு தடவை பாக்குறேன்."

"நானும் தினம் நாலு தடவைதான் பாக்குறேன். எட்டு வாத்து. கடைசியா ஒரு குட்டி வரும், கழுத்துல பச்சைத் துண்டு."

அப்படி ஒரு குட்டியைப் பெரியக்கா பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலமும், மறுநாள் நாலு காட்சியிலும் விரல் மடக்கி எண்ணினாள். ஏழுதான். பச்சைத் துண்டு எதுவும் இல்லை. நடுவில் எங்கோ அந்தக் குட்டி காணாமல் போயிருக்கிறது. காணாமல் போனதைப் பற்றி யாரும் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு பாடுகின்றன.

புரொஜெக்டர் பார்க்கும் பையனைக் கேட்டாள். "நான் படம் பாக்கறதில்லக்கா, மெஷினைத்தான் பாக்கறேன்" என்றான். மேலாளரைக் கேட்கலாமா என்று யோசித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டாள்.

பெரியக்கா பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தவள். வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன கணவன், அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். "ரெண்டு வாரம் இருந்துட்டு வேற இடம் பாத்துக்கறேன்" என்றுதான் வந்தாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் தங்கையும் அவள் வீட்டுக்காரரும், மற்றதில் இரண்டு பிள்ளைகள். பெரியக்காவுக்குக் கூடத்து சோபா. தங்கை வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு எழுந்தால்தான் அவள் கால் நீட்ட முடியும். அவருக்கோ செய்தி, அதற்குப் பிறகு விவாதம், அதற்குப் பிறகு பழைய ஆட்டம் எல்லாம் பார்த்தாக வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு அடுப்படியில் முதல் விளக்கைப் போடுவது இவள்தான். யாரும் அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. போ என்றும் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. தூக்கம் மட்டும் பதின்மூன்று வருடமாக அரைகுறையாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் மேலாளர் ஊழியர்களுக்கு ஆளுக்கு நாலு இலவச டிக்கெட் கொடுத்தார். பெரியக்கா கொண்டுபோய்த் தங்கையிடம் நீட்டினாள்.

"நாலா? அளவா சரியாப் போச்சுக்கா" என்று தங்கை சந்தோஷப்பட்டாள். அவள் எண்ணியதில் தப்பில்லை. அவள், வீட்டுக்காரர், பையன், பெண். நாலு பேர்தான். பெரியக்கா சட்டியைக் கழுவிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வந்தார்கள். பதினொரு வயதுப் பையன், பள்ளிக்கூட நண்பர்கள் மூன்று பேரை வாசலில் பார்த்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது பெரியக்கா வழக்கம்போல முதல் வரிசையில் துடைப்பத்தோடு நின்றாள். பையன் நண்பர்களோடு அந்தப் பக்கமாக வந்தான். அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த அவசர வழிப் பலகையை, வாழ்நாளில் பார்க்காததைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே கடந்து போனான். நண்பர்களில் ஒருவன் கையிலிருந்த காலி டப்பாவை அவள் பையில் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். நல்ல பிள்ளை.

சின்னவள் மட்டும், "பெரிம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். தங்கை அவள் தோளைப் பிடித்து, "பெரிம்மா வேலையா இருக்காங்கடி, வா" என்று கூட்டிப் போனாள். அதுவும் உண்மைதான். வேலையாகத்தான் இருந்தாள். மூன்று நிமிடம் போய்விட்டது, இன்னும் பதினோரு வரிசை பாக்கி.

ராத்திரி சாப்பாட்டின்போது பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பெரியக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு சின்னவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி கண்ணு, அந்தப் பச்சைத் துண்டு போட்ட குட்டி வாத்து என்னடி ஆச்சு?"

"எந்தக் குட்டி?"

"கடைசியா வருமே. எட்டாவது."

சின்னவள் நெற்றியைச் சுருக்கினாள். "மழை வந்துச்சு. அப்ப அப்பாகிட்ட ஐஸ்கிரீம் கேட்டேன். வாங்கிட்டு உள்ள வந்தா மழை நின்னுபோச்சு."

"அண்ணன் பாத்திருப்பானே?"

பையன் தலையைத் தூக்காமலேயே சொன்னான். "நாங்க பேசிட்டிருந்தோம்."

அடுத்த நாள் மாடிப்படி அறையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் டார்ச்சண்ணனிடம் சொன்னாள். ஐஸ்கிரீமைச் சொல்லும்போது சிரித்தாள். பையனைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் டீக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என் பொண்ணும் அப்படித்தாம்மா. ஒருநாள் ஃபிரெண்ட்ஸோட வந்தா. நான் டார்ச் அடிச்சு இடம் காட்டுறேன், யாரோ மாதிரி 'தேங்க்யூ சார்'ங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கால் இடறாம பாத்துப் போங்க மேடம்னு சொன்னேன்."

பெரியக்கா சிரித்தாள். அதற்குள் கடைசிப் பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்தாவது வாரம் பள்ளிகள் திறந்தன. கூட்டம் கரைந்தது. வியாழக்கிழமையோடு படத்தை மாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த வியாழன் மத்தியானக் காட்சிக்கு மொத்தமே ஐந்து டிக்கெட். பெரிய அரங்கில் ஏதோ பழுது பார்க்கும் வேலை, காட்சி இல்லை. டார்ச்சண்ணன் மேலாளர் அறைக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

"வா பெரியக்கா. இன்னிக்கு நாமளும் படம் பாக்குறோம்."

"மேலாளர்?"

"கேட்டுட்டேன். கடைசி வரிசையில உக்காந்துக்கச் சொன்னாரு. ஆனா பாப்கார்ன் கொட்டக் கூடாதாம்."

பன்னிரண்டு வருடம் துடைத்த நாற்காலிகளில் ஒன்றில் பெரியக்கா அன்றுதான் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். துடைப்பம் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். நாற்காலி இவ்வளவு பின்னால் சாயும் என்பதே அவளுக்குப் புதிது.

விளக்கு அணைந்தது. வாத்துகள் வரிசையாக வந்தன. கடைசியில், நிஜமாகவே, பச்சைத் துண்டோடு ஒரு குட்டி. மற்றவை இரண்டடி வைத்தால் அது ஐந்தடி வைத்து ஓடி வந்தது. "பாத்தியா, பாத்தியா!" என்று டார்ச்சண்ணன் முழங்கையால் இடித்தார். பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நண்டு வந்தது. தடி வாத்து துரத்தியது. நண்டு தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடத் தொடங்கியது. அரங்கு இருட்டாக, குளுகுளுவென்று இருந்தது. டிவி இல்லை, அடுப்பு இல்லை, யாரும் கூப்பிடவில்லை. நண்டின் பாட்டு நீளமான பாட்டு.

கண் விழித்தபோது காதில் விழுந்தது, 'குறுக்கே நடந்தாலும் கூடவே நட'. பெரியக்கா பதறி எழுந்து நின்றாள். கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது.

"உக்காரும்மா" என்று டார்ச்சண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "இன்னும் முடியல."

"ஐயோ, தூங்கிட்டேனா? எழுப்பியிருக்கலாம்ல!"

"குறட்டை விட்டுத் தூங்குறவங்கள எப்படி எழுப்பறது? அந்தப் பக்கம் ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பாத்துச்சு."

"எட்டாவது? அது என்னண்ணே ஆச்சு?"

டார்ச்சண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதா? மழை வருது. பெரிய மழை. அதுல குட்டி வழிதவறிப் போயிடுது. அங்க இன்னொரு வாத்துக் கூட்டம். அதுங்க மெதுவா நடக்கற ஜாதி. குட்டியோட காலுக்கு அது ஒத்துப்போகுது. அங்கேயே இருந்துக்கறேன்னு சொல்லிடுது. நல்லா இருக்குது, கவலைப்படாதே."

பெரியக்கா திரையைப் பார்த்தாள். ஏழு வாத்துகளும் குறுக்கே நடந்துகொண்டிருந்தன. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரை வெளிச்சத்தில் டார்ச்சண்ணனின் இடது கன்னத்தில், நாற்காலித் துணியின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீங்களும் தூங்கினீங்களா?"

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "நீ தூங்கிப் பத்து நிமிஷம் கழிச்சுதான்" என்றார், கௌரவம் குறையாமல்.

விளக்கு எரிந்தபோது இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள். சிரிப்பு அடங்கியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியக்கா துடைப்பத்தை எடுத்து வந்தாள். டார்ச்சண்ணன் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அது அவர் வேலை இல்லை. சுவரோரத்து வரிசைகளில் அவரே குனிந்து பொறுக்கினார்.

மறுநாளே ஒரு சண்டைப்படம் போட்டார்கள். பெரியக்கா அன்று மேலாளரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வேண்டும் என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் விடுப்பு. அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை ராத்திரி தங்கையிடம் சொன்னாள். "நாளைக்கு எனக்கு லீவு. நான் தூங்கப் போறேன். காலையில சமையலைப் பாத்துக்கோ."

தங்கை கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "உடம்பு சரியில்லையாக்கா?"

"இல்லடி. அசதி."

"சோபாவுலயா தூங்கப் போறே? காலையில புள்ளைங்க டிவி போடுமே."

"அதனாலதான் உன் ரூமைக் கேக்கறேன். நீங்க எழுந்ததும் நான் போய்ப் படுத்துக்கறேன்."

தங்கை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மடித்த துணிகளிலிருந்து ஒரு துவைத்த தலையணை உறையை உருவி அவளிடம் கொடுத்தாள். "என்கிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கணுமாக்கா?" என்றாள். கோபம் மாதிரிதான் இருந்தது குரல்.

ஞாயிறு காலை கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். வெளியே பாத்திரம் விழுந்தது, யாரோ உப்பு எங்கே என்று கேட்டார்கள், பையன் "சத்தம் போடாதீங்க, பெரிம்மா தூங்கறாங்க" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். பெரியக்கா அதைக் கேட்டாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.