இரண்டு தரிப்பு தள்ளி ஒரு நூடில்ஸ் கடை

முதியோர் இல்லத்தில் காலை வேலை என்றால் நாலரைக்கு எழும்ப வேண்டும். நேற்று எங்கள் மாடியில் வேலை செய்கிற இரண்டு பேர் உடம்பு வருத்தம் என்று வரவில்லை. மிஞ்சிய நாங்கள் இருவரும் ஒரு மாடி முழுவதையும் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, ஊட்டி முடித்தோம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் மனமில்லாமல் வாசல் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். குசினிக்குள் மகள் கொரிய நூடில்ஸ் பெட்டி ஒன்றுக்குள் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செத்தல் மிளகாயும் காய்ந்த கணவாயும் கலந்த மணம் நடைவழியால் வந்து மூக்கில் ஏறியது. இப்போது ஜேர்மனியில் வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கொரியாதான் சொந்த ஊர்.

“அம்மா, உங்களுக்கும் ஒண்டு போடட்டோ?”

வேண்டாம் என்றேன். அந்த மணத்தில் எனக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. மகளிடம் அதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபது வயது. ரூர் என்ற கரிச்சுரங்கப் பக்கத்து ஊர் ஒன்றில் அகதிகள் விடுதியில் இருந்தேன். நாங்கள் அதை ஹைம் என்போம். ரூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஊர்க்காரருக்கே தெரியாது. ஒரே தெரு, ஒரே ட்ராம், ஒரே கரி பிடித்த சுவர். ஆனால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அகதி அட்டையில் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நாலு நாட்டு எல்லையைக் களவாகக் கடந்து வந்த எங்களுக்கு, ட்ராமில் ஏழாம் தரிப்போடு உலகம் முடிந்துபோனது.

என் அறையில் மற்றக் கட்டில் வசந்தி அக்காவுடையது. என்னைவிட ஆறு வயது மூப்பு, பருத்தித்துறைப் பக்கம், அப்போது மூன்று மாதம் கர்ப்பம். அவருடைய கணவரை ஹம்பேர்க்கில் ஒரு ஹைமில் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வழியால் வந்தபடியால் ஆளுக்கொரு ஊர். இவர்கள் புருஷன் பெண்சாதி என்று காட்டக் கலியாணப் பதிவு வேண்டும், அது ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. அப்படியென்றால் இந்தக் கர்ப்பம் எப்படி என்று கேட்பீர்கள். அந்த மனிதரும் இரண்டொரு தரம் எல்லை தாண்டியவர்தான், விடுங்கள்.

பிள்ளை பிறக்க முன்னம் தன்னை ஹம்பேர்க்குக்கு மாற்றும்படி அக்கா ஓர் அன்ட்ராக் போட்டிருந்தார். விண்ணப்பம் என்று தமிழில் சொன்னால் அதன் பாரம் வராது. அது வெளிநாட்டவர் கந்தோரில் ஒரு மனிதரின் மேசையில் கிடந்தது. அதே மேசையில் என்னுடைய அன்ட்ராக்கும் கிடந்தது, முதியோர் பராமரிப்புப் படிக்க அனுமதி கேட்டு. வெள்ளிக்கிழமைகளில் அக்கா பிள்ளையாரைக் கும்பிடும்போது அந்த மனிதரின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்.

அந்த நாட்களில் அக்காவுக்கு எதைத் தின்றாலும் வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி. பாண் சத்தி, சூப் சத்தி, நான் வைத்த சோறும் கறியும் சத்தி. கடைசியாகச் சொன்னதில் என் கைப்பக்குவத்துக்கும் பங்கு இருக்கலாம். எடை இறங்குகிறது, இப்படியே போனால் ஆசுப்பத்திரியில் மறித்து வைக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். டொக்டர் நேரம் குறித்துத் தருகிற டெர்மின்களுக்கு நான்தான் கூடப் போவேன். எனக்குத்தான் ஓரளவு டொச், அதாவது ஜேர்மன் மொழி தெரியும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒருநாள் டொக்டரிடம் போய்த் திரும்பும்போது இருவரும் ட்ராமில் நித்திரையாகிவிட்டோம். கண் விழித்தால் இரண்டு தரிப்பு தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம். பதறி இறங்கினோம். எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். ஆனால் அக்கா அசையவில்லை.

“பிள்ளை, இதென்ன மணம்? ஆரோ கூழ் காய்ச்சினம்.”

எங்கள் ஊரில் கூழ் என்றால் ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் உறைப்பாய்க் கொதிப்பது. தரிப்புக்கு முன்னால் ஆறு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக்கடை ஒன்று. பலகையில் சீன உணவகம் என்று இருந்தது. முதலாளி கொரியாவில் பிறந்து வளர்ந்த சீனர். மனைவி கொரியாக்காரி. இந்த நாட்டுக்குத் தாதியாக வந்து, அந்த மனிதரைக் கட்டி, தாதித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பரிமாற வந்தவர். ஜேர்மன்காரருக்குத் தடித்த சாப்பாட்டு அட்டை கொடுப்பார், அதில் இனிப்பும் புளிப்புமாய்த் தாரா இறைச்சி. தெரிந்தவர்களுக்குச் சுவரில் கையால் எழுதிய ஒரு தாள். அதில் இரண்டே இரண்டு, கறுப்பு நூடில்ஸ், சிவப்பு நூடில்ஸ்.

சிவப்பு என்றால் சும்மா சிவப்பில்லை. இறால், கணவாய், மட்டி, முட்டைக்கோவா எல்லாம் கொதித்து, மேலே மிளகாய் எண்ணெய் மிதக்கும். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். “ஒடியல்மா போடாத கூழ், வேறை ஒண்டுமில்லை” என்றார். கோப்பை காலியானது. நான் பேப்பர்த் துண்டோடு தயாராக இருந்தேன். சத்தி வரவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் கதிரையில் இருந்த பிறகுதான் முதலாளி மாவைத் தொடுவார். குசினிச் சுவரில் வெட்டிய சதுரத்தால் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டு, மாவைப் பலகையில் அடித்து இழுக்கத் தொடங்குவார். கடை முழுக்கத் தொம் தொம் என்று கேட்கும். தொடங்கிய பிறகு ஒருவரும் எழும்பக் கூடாது, கையால் இழுத்த நூடில்ஸ் காத்திராது என்பார் மனைவி. கோப்பையை வைத்ததும் அவரே கத்தரிக்கோலால் நூடில்ஸை வெட்டிவிடுவார். ஹைமுக்குக் கட்டித் தருவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். ட்ராம் வர முன்னமே ஊதிக் களியாகிவிடுமாம்.

ஆகவே சனிக்கிழமைதோறும் மத்தியானம் எல்லை தாண்டினோம். முதல் மாதம் ட்ராமில் யார் ஏறுகிறார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பழகிப்போனது. அக்காவின் கன்னத்தில் சதை வைத்தது. டொக்டர் சந்தோஷப்பட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மரக்கறி என்று மொழிபெயர்த்தேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இருவரும் இருந்து, முதலாளி எங்களை எண்ணி, மா பலகையில் விழத் தொடங்கியிருந்தது. நான் கை கழுவ எழும்பினேன். கொரியாக்காரி முறைத்தார். திரும்பி வரும்போது, கோவா அடுக்கியிருந்த பின்வழியில் நின்றபடி முன்கதவு திறப்பதைக் கண்டேன். எங்கள் கந்தோர் மனிதர். கூட மனைவியும் ஒரு சின்ன மகளும். பிறகுதான் அறிந்தேன், அவர் வீடு அந்த ஊரில்தானாம். கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுத் திரும்பியவர் அக்காவைக் கண்டார். அக்கா அவரைக் கண்டார். என்னை அவர் காணவில்லை.

நான் செய்ய வேண்டியது என்ன? நாலு அடி நடந்து போய் என் கதிரையில் இருந்து, எனக்குத் தெரிந்த டொச்சில், இந்தப் பெண்ணுக்கு வேறு எதுவும் வயிற்றில் தங்குவதில்லை, டொக்டரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அந்தக் கடையில் என்னைவிட்டால் ஆளில்லை. எனக்கு என் அன்ட்ராக்தான் ஞாபகம் வந்தது. குசினிக்குள் நுழைந்தேன். முதலாளி இரண்டு கையையும் விரித்து நூடில்ஸை இழுத்துப் பிடித்திருந்தார். நான் அந்தக் கைக்குக் கீழால் குனிந்து பின்கதவால் ஓடினேன். “நூடில்ஸ்! நூடில்ஸ்!” என்று அவர் பின்னால் கத்தியது இன்னும் கேட்கிறது.

ட்ராம் தரிப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வந்த ட்ராமில் ஏறிப் போகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு கதை. அரை மணித்தியாலம் கழித்து வசந்தி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். முகம் வெளிறி வியர்த்திருந்தது.

“என்ன நடந்தது அக்கா?”

“ரெண்டு கோப்பை வந்திட்டுது. அவர் மற்றக் கோப்பையைக் காட்டி என்னவோ கேட்டார். வயித்தைத் தொட்டுக் காட்டி, எனக்கும் பிள்ளைக்கும் எண்டன். பாத்துக்கொண்டே இருந்தார். வேறை என்ன செய்யிறது, ரெண்டையும் சாப்பிட்டன்.”

அதைச் சொல்லிவிட்டு, தரிப்புக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் சத்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். ஏன் போனாய் என்று அவர் கேட்கவில்லை. ட்ராமிலும் கேட்கவில்லை, அறையிலும் கேட்கவில்லை. ஒரு பேச்சுப் பேசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது, அக்காவுக்கு மட்டும். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியது பதியப்பட்டிருக்கிறது, அதை விசாரித்து முடியும்வரை ஹம்பேர்க் அன்ட்ராக் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதை வாசித்து மொழிபெயர்த்தது நான்தான். அதே மாதம் என் படிப்புக்கு அனுமதி கிடைத்தது. பிள்ளை பிறந்தபோது தகப்பன் ஹம்பேர்க்கில் இருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மகளைத் தகப்பன் முதன்முதல் தூக்கும்போது அவளுக்கு ஐந்து மாதம்.

அந்த அனுமதியில் தொடங்கிய வேலையைத்தான் இன்றுவரை செய்கிறேன். களைத்துப் போனேன் என்று வாயால் சொல்லக்கூட எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் மனம் கேட்காமல் லண்டனுக்கு அழைத்தேன். அக்கா குடும்பம் அங்கே போய் இருபது வருஷமாகிறது. நல்ல நாள் பெரிய நாளில் பேசிக்கொள்வோம், அந்தச் சனிக்கிழமையைத் தவிர எல்லாவற்றையும் பற்றி.

“அக்கா, அந்த நூடில்ஸ் கடை ஞாபகமோ?”

“ஏன் இல்லை? அந்த மனிசி கத்தரிக்கோலால வெட்டித் தாறவ.”

“கந்தோர்க்காரன் வந்த நாள்?”

“ஐயோ, ஓம்! நாங்கள் ரெண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டமே. நீ சூப்பை மேசையெல்லாம் ஊத்தினனி.”

“நான் அங்கை இருக்கேல்லை அக்கா. உங்களை விட்டிட்டு ஓடிட்டன்.”

“உனக்கென்ன விசரே? என்னை விட்டிட்டுப் போற ஆளே நீ?” என்று சிரித்தார். பிறகு முழங்கால் நோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

மறந்துபோனாரா, எனக்காக மாற்றிச் சொன்னாரா, தெரியவில்லை. இரண்டாம் தரம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது நகம் பூசுகிறார்கள். அந்தச் சீனரும் மனைவியும் எங்கே போனார்கள் என்று கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த எல்லையும் எனக்கு இல்லை, ஜேர்மன் கடவுச்சீட்டோடு நினைத்த இடத்துக்குப் போகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல்லை முப்பது வருஷமாக வைத்திருந்தேன். அதைக் கேட்க வேண்டிய ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், சிரிக்கிறார். ஆனால் நான் விட்டுவிட்டுப் போன அந்த வசந்தி அக்கா இனி இல்லை.